நாலு புள்ளி ஒன்று எட்டு நாலு

அபிஷேகப்பட்டியில் ராத்திரி பதினொன்றே கால்.
ஆய்வகத்தில் நானும் முப்பத்திரண்டு விசிறிகளும்.
விசிறிகள் எனக்கல்ல,
அடுக்கி வைத்த கணினிகளுக்கு.

திரையில் ஒரு பெட்டி.
நடுவே குறுக்காக ஒரு கரிக்குழாய்,
கோழிக்கூட்டு வலையைச் சுருட்டியது போல.
சுற்றிலும் ஒன்பதாயிரத்துச் சொச்சம் தண்ணீர்,
ஒவ்வொன்றும் மூன்று புள்ளி,
வளையத் தெரியாத முக்கோணம்.

வலது சுவரைத் தாண்டும் மூலக்கூறு
அதே கணம் இடது சுவர் வழியே வரும்.
இந்த ஆற்றுக்குப் பொதிகை இல்லை,
புன்னைக்காயலும் இல்லை.
மலையும் கடலும் ஒரே கோடு.

வெப்பம் முந்நூறு கெல்வின் என்று எழுதி வைத்திருக்கிறேன்.
வெளியே வைகாசி. இந்நேரத்துக்கும் முந்நூற்று ஐந்து.

விடிய விடிய ஓடினாலும்
உள்ளே கழிந்திருப்பது சில நானோ நொடி.
ஓர் இமை மூட யோசிக்கக்கூடப் போதாது.

இன்னொரு பொய்யும் உண்டு.
ஆறு போகிற வேகத்தில் விட்டால்
ஓட்டமே தெரியாது,
வெப்பத்தின் துள்ளல் மூடிவிடும்.
ஆனித் தேருக்கு நெரியும் கூட்டத்தின் நடுவில் நிற்பவளுக்கு
கூட்டம் எந்தப் பக்கம் போகிறதென்று தெரியுமா?
அதனால் தள்ளுகிறேன்,
எந்த வெள்ளமும் தள்ளாத தள்ளு.
பிறகு கட்டுரையில் ஒரே வரியில் மன்னிப்பு.

ஏழு மாதமாக
தண்ணீர் இந்தக் குழாயில் ஒட்டியது.
முதல் அடுக்கு தயங்கி நின்றது.
அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்திருந்தேன்,
இரண்டு பக்கம், மூன்று படத்தோடு.
மதுரைக் கருத்தரங்கில் கைகூடத் தட்டினார்கள்.

இன்றைக்கு வேறெதையோ தேடப் போய்
உள்ளீட்டுக் கோப்பில் நாற்பத்தோராம் வரி:
கரிக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள ஈர்ப்பு
பூஜ்யம் புள்ளி மூன்று ஒன்பது இரண்டு.

எண் சரி.
எடுத்த இடத்தில் அது கிலோ ஜூல்.
நிரல் கேட்பது கிலோ கலோரி.

என் கரிக்குத் தண்ணீர்மேல்
நாலு மடங்குக்கும் கூடுதலான ஆசை.
வைத்தவள் நான்.

டைட்டஸை எழுப்பினேன்.
பாளையங்கோட்டையிலிருந்து தூக்கக் குரல்:
"வந்த விடைய நாலால வகுத்திர முடியாதா, வடிவு?"
முடியாது.
தண்ணீர் அப்படிக் கணக்குத் தீர்க்காது.
"மேடத்துட்ட இப்பச் சொல்லாண்டாம். விடியட்டும்."

திருத்தினேன். மறுபடி ஓட்டம்.
மூன்றரைக்கு மின்சாரம் போய்
யுபிஎஸ் பதினோரு நிமிடம் கத்தியது.
நான் எழுந்து நின்றுகொண்டேன்,
நின்றால் தாங்கும் என்பது போல.

தாங்கியது.

வெளுக்கும்போது படம் வந்தது.
குழாயைச் சுற்றி ஒரு காலி இடம்,
ஒரு மூலக்கூறு புக அகலம் போதாது.
அதன் விளிம்பில் தண்ணீர்
கரியைப் பிடிக்காமல்
ஒன்றையொன்று பிடித்து, விட்டு, வேறொன்றைப் பிடித்து
வழுக்கிக்கொண்டு போனது.
என் இரண்டு பக்கத்தை
அது படித்திருக்கவில்லை.

முதல் பேருந்து. பேட்டை, டவுன், ஜங்ஷன்.
ஆற்றுப் பாலத்தில் ஏதோ லாரி குறுக்கே நிற்க,
நடுவில் நின்றோம்.
கீழே தூணில் அமலைச் செடி,
ஒரு நீலத் துண்டு, தெர்மாகோல்.
தூணைத் தொட்ட தண்ணீர் நிற்கிறது.
இரண்டு விரல் தள்ளி ஓடுகிறது.
பின்னால் ஒரு சுழி,
செருப்பு ஒன்றை வைத்துச் சுற்றிக்கொண்டே இருக்கிறது.
இங்கே ஒட்டுவதில் பிழையில்லை.
கல் கேட்கிறது, தண்ணீர் கொடுக்கிறது.
கரி கேட்டதாகச் சொன்னதுதான் நான்.

கைபேசியில் தட்டினேன்:
"மேடம், மதுரையில் நான் சொன்னது"
லாரி நகர்ந்தது. பேருந்து குலுங்கியது.
விரல் பட்டு அவ்வளவோடு போய்விட்டது.
மிச்சத்தைச் சொற்களாக அடுக்கிக்கொண்டிருந்தேன்,
அலகு, கவனக்குறைவு, வருத்தம்.

வண்ணார்பேட்டை தாண்டும்போது
ஜெபக்கனி மேடத்திடமிருந்து பதில்.
ஒரே சொல்.

"வழுக்குதா?"